மூணு தடவை ஆன் பண்ணி பாத்துட்டு போர்டை குப்பையில போடாதீங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, வணக்கமுங்க.

நான் கோவையில ஒரு பாலிடெக்னிக்ல எலக்ட்ரானிக்ஸ் லேப் இன்ஸ்ட்ரக்டர், இருபத்தி ரெண்டு வருஷ சர்வீஸ். உங்க பேப்பரை எங்கப்பா காலத்துல இருந்து வீட்டுல வாங்குறோம், ஆனா லெட்டர்னு எழுதறது இதான் முதல் தடவை, தப்பு இருந்தா பொறுத்துக்குங்க. போன ஞாயித்துக்கிழமை இணைப்புல ராஸ்ப்பெர்ரி பை, பீகிள்போன் மாதிரி கையகல லினக்ஸ் போர்டு வெச்சு புள்ளைங்க புராஜெக்ட் பண்றதை பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தீங்க. சந்தோஷம், தமிழ்ல இதெல்லாம் வர்றதே அபூர்வம். ஆனா கீழ ஒரு கட்டம் கட்டி 'போர்டு பூட் ஆகவில்லையா?'ன்னு ஒரு பத்தி போட்டிருந்தீங்க பாருங்க, அதை படிச்சுட்டு டீ ஆறிப்போற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தேன். மூணு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணனுமாம், வரலைன்னா எஸ்டி கார்டை அழிச்சு ஓஎஸ்ஸை புதுசா ஏத்தணுமாம், அதுக்கும் வரலைன்னா போர்டு போயிருச்சாம், மின்கழிவுல போட்டுட்டு வேற வாங்கணுமாம்.

ஏனுங்க, தோட்டத்துல மோட்டார் ஓடலைன்னா நம்மூர்ல என்ன பண்ணுவாங்க? ஃபியூஸ் பாப்பாங்க, மூணு ஃபேஸும் வருதான்னு பாப்பாங்க, ஸ்டார்ட்டரை தொறந்து பாப்பாங்க, காயில் எரிஞ்ச வாசம் அடிக்குதான்னு மோந்து கூட பாப்பாங்க. எடுத்த எடுப்புல மோட்டாரை கழட்டி பழைய இரும்புக்காரர்கிட்ட எடை போட்டுட்டு வந்துர மாட்டாங்க. அந்த மரியாதை கூடவா இந்த போர்டுக்கு கெடையாது?

எங்க லேப்லயும் இதே கூத்துதான் நடந்துட்டு இருந்துச்சு, அதனாலதான் எழுதறேன். பீரோவோட கீழ்த்தட்டுல பதினாலு போர்டு, ஒவ்வொண்ணு மேலயும் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி சிவப்பு பேனால 'டெட்'னு எழுதி தேதி போட்டு வெச்சிருந்தோம். ஒன்பது பீகிள்போன் பிளாக், அஞ்சு ராஸ்ப்பெர்ரி பை. ஸ்டாக் வெரிஃபிகேஷனுக்கு வந்தவங்க எல்லாத்தையும் கண்டம் பண்ற லிஸ்ட்ல ஏத்துங்கன்னு சொல்லிட்டு போயிட்டாங்க. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒருவாட்டி பாத்துரலாமேன்னு போன வருஷம் செமஸ்டர் லீவுல ஒரு வாரம் அதுங்ககூடவே உக்காந்தேன். பதினாலுல பதினொண்ணு எந்திரிச்சு உக்காந்துருச்சுங்க. சிப்பு மாத்தல, கெப்பாசிட்டர் மாத்தல, சால்டரிங் அயர்னை சூடு பண்ணவே இல்ல. வாங்கினதுன்னு பாத்தா ஒரு யூஎஸ்பி சீரியல் கேபிள், இருநூறு ரூபா சொச்சம், அதுவும் என் பாக்கெட்ல இருந்து.

அந்த கேபிளை பத்தி உங்க கட்டுரையில ஒரு வரி இல்லைங்கறதுதான் என் முதல் வருத்தம். ஸ்கிரீன் கருப்பா இருந்தா போர்டு போயிருச்சுன்னு பசங்க நெனைக்கறாங்க. ஆனா பீகிள்போன்ல எச்டிஎம்ஐ படம் வர்றதே கடைசியில, கெர்னல் (லினக்ஸோட மையப் புரோகிராம்) எந்திரிச்சு அதுக்கான டிரைவர் ஏறினப்புறம்தான். அதுக்கு முன்னாடி நடக்கற அத்தனையையும் போர்டு சீரியல் போர்ட் வழியா வரிவரியா சொல்லிட்டுத்தான் இருக்கு, கேக்கறதுக்கு நம்மகிட்ட காது இல்ல, அவ்வளவுதான். மூணே ஒயர் போதும், கிரவுண்டுக்கு கிரவுண்டு, போர்டோட டிஎக்ஸ் (அனுப்பற பின்) நம்ம கேபிள் ஆர்எக்ஸ்க்கு (வாங்கற பின்), அதோட ஆர்எக்ஸ் நம்ம டிஎக்ஸ்க்கு, குறுக்க மாத்தி போடணும். வேகம் 115200. பீகிள்போன்ல இதுக்குன்னே ஆறு பின் தனியா நிக்குது, ராஸ்ப்பெர்ரி பையில நாப்பது பின் வரிசையில 6, 8, 10, அதுல கான்ஃபிக் ஃபைல்ல யூஆர்ட்டை (அதாவது சீரியல் போர்ட்டை) ஆன் பண்ற ஒரு வரியும் சேக்கணும். எழுத்து எல்லாம் கட்டம் கட்டமா குப்பையா வந்தா வேகம் தப்பு, வரி ஒழுங்கா வருது ஆனா நம்ம தட்டறது போக மாட்டேங்குதுன்னா மினிகாம்ல (சீரியல்ல வர்றதை ஸ்கிரீன்ல காட்டற புரோகிராம்) ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோல் ஆன்ல இருக்கும், அதை ஆஃப் பண்ணனும். இந்த கடைசி சமாச்சாரத்துக்கு நான் ஒரு காலத்துல ரெண்டு நாள் செலவு பண்ணியிருக்கேன், அசிங்கமாத்தான் இருக்கு, இருந்தாலும் சொல்லிடறேன்.

கேபிளை மாட்டியாச்சுன்னா அப்புறம் ஒரே ஒரு கேள்விதாங்க, எங்க நின்னுச்சு? இந்த போர்டு எந்திரிக்கறது ஸ்போர்ட்ஸ் டேல ஓடற ரிலே ரேஸ் மாதிரி. சிப்புக்குள்ளயே அழிக்க முடியாத மாதிரி எழுதி வெச்ச ரோம் கோடு முதல் ஆளு. அவன்கிட்ட பெரிய மெமரி கெடையாது, டிடிஆர் ராம் அப்ப இன்னும் தூங்கிட்டு இருக்கு, பீகிள்போன் சிப்புல அவன் தூக்கிக்கற ஃபைலு 109 கேபிக்கு மேல இருக்கக்கூடாது. அதனால எம்எல்ஓன்னு ஒரு குட்டி ஃபைலைத்தான் எடுத்துட்டு வருவான், அது டிடிஆரை எழுப்பி விட்டு கெர்னலை ஏத்தி விடற பெரிய ஆளான யூ-பூட்டை கூப்பிடும், யூ-பூட் கெர்னலையும், போர்டுல என்னென்ன இருக்குன்னு சொல்ற டிவைஸ் ட்ரீயையும் மெமரியில வெச்சு ஓட விடும், கெர்னல் ரூட் ஃபைல் சிஸ்டத்தை (ஓஎஸ்ஸோட ஃபைல் எல்லாம் இருக்கற எடம்) மவுண்ட் பண்ணி முதல் புரோகிராமை கூப்பிடும், அதுக்கப்புறம்தான் நமக்கு லாகின். எந்த கையில இருந்து எந்த கைக்கு மாறும்போது குச்சி கீழ விழுந்துச்சுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. யூ-பூட்டை ஆரம்பிச்சு வெச்சவரு வோல்ஃப்காங் டெங்க்னு ஒரு ஜெர்மன்காரரு, 2022-ல தவறிட்டாரு. அவங்க பாஷையில யூ-பூட்ன்னா நீர்மூழ்கி கப்பலாம். தண்ணிக்கடியில இருக்கறவரைக்கும் யாருக்கும் தெரியாதுங்கறது சரியாத்தான் இருக்கு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். பீரோல இருந்து எடுத்த முதல் பீகிள்போனுக்கு பவர் குடுத்தேன். பவர் லைட்டு எரியுது, பக்கத்துல இருக்கற நாலு நீல லைட்டும் அசையல. நல்லா இருக்கற போர்டுல அதுல ஒண்ணு இதயம் துடிக்கற மாதிரி ரெண்டு ரெண்டா மின்னும். சீரியல் கேபிளை மாட்டினா ஸ்கிரீன்ல 'சி' 'சி' 'சி' 'சி'ன்னு ஒரே எழுத்து வரிசையா வந்துட்டே இருக்கு, நம்ம கையை எடுத்தாலும் நிக்காம. அது என்னன்னா, ரோம் கோடு எம்எல்ஓவை எல்லா இடத்துலயும் தேடி பாத்துட்டு எங்கயும் கெடைக்காம, சரி சீரியல் கேபிள் வழியாவாவது யாராவது அனுப்புங்கப்பான்னு கூப்பிடறான். எக்ஸ்மோடம்னு 1977-ல சிகாகோவுல வார்ட் கிறிஸ்டென்சன் எழுதின ஃபைல் அனுப்பற முறை, அதுல பின்னாடி வந்த, சிஆர்சின்னு தப்பு கண்டுபிடிக்கற கணக்கு சேந்த வகையில வாங்கறவன் குடுக்கற சிக்னல்தான் இந்த 'சி'. அதாவது ப்ராசஸர் உசுரோட இருக்கு, கிளாக் ஓடுது, பவர் சிப்பு வேலை செய்யுது, பசிக்குதுன்னு அழுவற கொழந்தை மாதிரி அழுதுட்டு இருக்கு. நாம அது மேல 'டெட்'னு ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருக்கோம்.

அந்த போர்டு கதை சுலபம். எஸ்டி கார்டுக்கு இமேஜ் எழுதறேன்னு ஒரு பையன் டிடின்னு டிஸ்க்ல நேரடியா எழுதற கமாண்டுல நம்பரை மாத்தி போட்டு, போர்டுலயே பதிச்சிருக்கற ஸ்டோரேஜ் சிப்பான ஈஎம்எம்சியோட தலையையே அழிச்சிருந்தான். எஸ்டி கார்டுல நல்ல இமேஜ் போட்டு, எஸ்டி ஸ்லாட்டுக்கு மேல இருக்கற குட்டி பட்டனை அமுக்கிட்டே பவர் குடுத்தா கார்டுல இருந்து எந்திரிக்கும், அப்புறம் ஈஎம்எம்சிக்கு திரும்ப எழுதிக்கலாம். இருபது நிமிஷ வேலை.

ரெண்டாவது போர்டுதான் என்னை ஒரு நாள் பூரா சுத்த விட்டுச்சு, அதை கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், உங்க கட்டுரை எழுதினவருக்கும் பிரயோஜனமா இருக்கும். இதுவும் அதே 'சி' 'சி' 'சி'தான். எட்டு ரிலே இருக்கற ஒரு போர்டோட ரிப்பன் கேபிள்ல சேத்து அப்படியே பீரோல கெடந்துச்சு, சொட்டுநீர் பாசனத்துக்கு வால்வு தொறக்கற புராஜெக்ட், ரெண்டு செட் முன்னாடி பசங்க பண்ணது. ஈஎம்எம்சி அழிஞ்சிருக்கும்னு எஸ்டி கார்டுல பூட் பண்ணி உள்ள பாத்தா எல்லாமே பத்திரமா இருக்கு, எம்எல்ஓ இருக்கு, யூ-பூட் இருக்கு, பசங்க எழுதின பைத்தான் கோடு கூட இருக்கு. கார்டை எடுத்துட்டு பவர் போட்டா மறுபடியும் 'சி' 'சி' 'சி'. ரிலே போர்டு மேல சந்தேகம் வந்து ரிப்பன் கேபிளை கழட்டினேன், ரீசெட் பட்டனை அமுக்கினேன். அப்பவும் அதே 'சி'தான். சரி ரிலே போர்டு காரணமில்லன்னு முடிவு பண்ணி, அங்கதாங்க நான் சறுக்கினது, மத்தியானம் வரைக்கும் ஈஎம்எம்சியில எம்எல்ஓவையும் யூ-பூட்டையும் மட்டும் திரும்ப திரும்ப எழுதி பாத்துட்டு இருந்தேன்.

சாப்பிட்டு வந்து, பவர் ஒயரையே உருவி எடுத்துட்டு கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப சொருகினேன், ரிப்பன் கேபிள் மாட்டாமலே. நாலு நீல லைட்டும் டப்புன்னு எந்திரிச்சிருச்சு! ஒரு நிமிஷம் எனக்கே புரியல. அப்புறம் சர்க்யூட் டயக்ராமை பிரிச்சு வெச்சு பாத்தா விஷயம் இதுதான். இந்த சிப்புக்கு எதுல இருந்து பூட் ஆகணும்னு சொல்றதுக்கு பதினாறு பின் இருக்கு, பவர் வர்ற அந்த நொடியில அதுல எதுல வோல்ட்டேஜ் மேல இருக்கு எதுல கீழ இருக்குன்னு பாத்து மனசுல வெச்சுக்கும். பீகிள்போன்ல பி8 வரிசையில 31-லிருந்து 46 வரைக்கும் இருக்கற பின்னுங்கதான் அது. 100 கே ரெசிஸ்டர் வெச்சு மெல்லிசா இழுத்து பிடிச்சிருக்கும். அதுல 43-ஆம் பின்னு இருக்கே, நான் மேல சொன்ன பூட் பட்டன் இருக்கே, ரெண்டும் ஒண்ணேதான். பட்டனை அமுக்கினா அந்த பின்னு கிரவுண்டுக்கு போகும், அப்ப ரோம் கோடு ஈஎம்எம்சியை லிஸ்ட்லயே சேக்காது, எஸ்டி கார்டு, யூஎஸ்பி, சீரியல்னு மத்த எடத்துல தேடும்.

பசங்க ஒரு ரிலே ஒயரை சரியா அந்த 43-லதான் கோத்திருந்தாங்க. ரிலே போர்டுல இருந்தது ரிலேவை ஓட்டற யூஎல்என்2803 ஐசி. அதோட இன்புட்டுக்குள்ள ரெசிஸ்டர் வழியா கிரவுண்டுக்கு ஒரு பாதை இருக்கு, கூட்டிப்பாத்தா சுமார் 13 கே. மேல 100 கே இழுக்குது, கீழ 13 கே இழுக்குது, யாரு ஜெயிப்பா? மல்டிமீட்டர் வெச்சேன், 3.3 வோல்ட் இருக்க வேண்டிய எடத்துல 0.4 காட்டுச்சு. ஆக ரெண்டு வருஷமா அந்த போர்டோட பூட் பட்டனை ரிலே போர்டு அமுக்கி பிடிச்சுட்டே உக்காந்திருந்திருக்கு. ரீசெட் பட்டனுக்கு ஏன் சரியாகலைன்னா, அந்த பின்னை எல்லாம் பவர் புதுசா வரும்போது மட்டும்தான் பாக்கும், ரீசெட்டுக்கு பழைய ஞாபகத்துலயே போயிரும். ஒயரை எடுத்து பி9 வரிசையில 12-க்கு மாத்தி, கோடுல ஒரு வரி மாத்தினேன். முடிஞ்சுது. அந்த பசங்க பாவம், வைவால 'ஹார்ட்வேர் ஃபெயிலியர்'னு சொல்லி மார்க் கொறைஞ்சு போனது எனக்கு ஞாபகம் இருக்கு. உங்க கட்டுரைபடி மூணு தடவை இல்ல, முந்நூறு தடவை ஆன் பண்ணாலும், எத்தனை தடவை ஓஎஸ் ஏத்தினாலும் அது எந்திரிச்சிருக்காது.

மத்த போர்டுகளை வேகமா சொல்லிடறேன். ஒண்ணு 'ஸ்டார்ட்டிங் கெர்னல்'னு சொல்லிட்டு அதோட வாயை மூடிக்கிச்சு. தொங்கிப்போச்சுன்னு நெனைச்சா, உண்மையில முழுசா பூட் ஆகி நெட்வொர்க்ல பிங் கூட ஆகுது, பேச்சு மட்டும் வேற வாசலுக்கு போயிட்டு இருந்திருக்கு. இந்த சிப்புக்கு பழைய கெர்னல்ல சீரியல் போர்ட் பேரு டிடிஒய்-ஓ பூஜ்யம், புது கெர்னல்ல டிடிஒய்-எஸ் பூஜ்யம், பழைய பேரையே கன்சோல்னு குடுத்து வெச்சிருந்தாங்க. இன்னொண்ணுல 'பேட் சிஆர்சி, டிஃபால்ட் என்விரான்மென்ட் எடுத்துக்கறேன்'னு யூ-பூட் ஒரு வார்னிங் குடுக்கும், அதை பாத்து பயந்து ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்க. அது ஒண்ணுமே இல்லீங்க, செட்டிங்கை சேவ் பண்ணி வைக்கல, என்கிட்ட இருக்கறதை வெச்சு ஓட்டிக்கறேன்னு சொல்றது, அவ்வளவுதான். அதுக்கு நாலு வரி கீழதான் நெஜமான தப்பு இருந்துச்சு.

கெர்னல் பேனிக் (மேல போக முடியாம கெர்னல் கையை விரிச்சுட்டு நின்னுடறது) வந்தா மட்டும் பசங்க மொகத்தை பாக்கணுமே, பேனிக் ஆகறது யாருன்னே தெரியாது. ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் பண்ண முடியலன்னு கடைசி வரியில கத்தும், எல்லாரும் அந்த ஒரு வரியை போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்பி 'சார் ஹெல்ப்'ம்பாங்க. நான் திருப்பி கேக்கறது ஒண்ணுதான், தம்பி, அதுக்கு மேல என்ன இருக்கு? ஏன்னா அதுக்கு கொஞ்சம் மேலதான் கெர்னலே 'ரூட்னு நீ குடுத்தது சரியில்ல, என்கிட்ட இருக்கற பார்ட்டிஷன் இதெல்லாம்'னு லிஸ்ட் போட்டு குடுக்கும். லிஸ்ட்ல கார்டு இருக்கு, ஆனா பூஜ்யத்துக்கு பதில் ஒண்ணுன்னு நம்பர் மாறி இருக்குன்னா, கெர்னல் அப்டேட்ல பேரு மாறிருச்சுன்னு அர்த்தம், ரூட்டை நம்பரா குடுக்காம பார்ட்டிஷனோட மாறாத அடையாள நம்பரான யூயூஐடி வெச்சு குடுத்துட்டா அப்புறம் எத்தனை தடவை மாறினாலும் கவலை இல்ல. லிஸ்ட்டே காலியா இருந்தா கார்டை கெர்னல் பாக்கவே இல்ல, டிரைவரோ டிவைஸ் ட்ரீயோ கார்டு காண்டாக்ட்டோ, இல்லைன்னா கார்டு எந்திரிக்கறதுக்குள்ள கெர்னல் அவசரப்பட்டுருச்சு, ரூட்வெய்ட்னு ஒரு வார்த்தை சேத்தா காத்திருக்கும். எங்க பீரோல ஒரு போர்டு இந்த கேஸ்தான்.

இன்னொரு பையன் பென்டிரைவ் ஒண்ணை எஃப்எஸ்டேப்ல (பூட் ஆகும்போது எந்தெந்த டிஸ்க்கை மவுண்ட் பண்ணனும்ங்கற லிஸ்ட்) சேத்துட்டு, புராஜெக்ட் முடிஞ்சதும் பென்டிரைவை வீட்டுக்கு எடுத்துட்டு போயிட்டான். போர்டு ஒண்ணரை நிமிஷம் அந்த பென்டிரைவுக்காக காத்துக்கெடந்துட்டு எமர்ஜென்சி மோடுக்கு போகுது, அங்க ரூட் அக்கவுண்ட் லாக்னு சொல்லி உள்ளயும் விட மாட்டேங்குது. கார்டை எடுத்து வேற லினக்ஸ்ல மாட்டி அந்த வரியில நோஃபெயில்னு ஒரு வார்த்தை சேத்தேன், இல்லைன்னாலும் நிக்காம போயிட்டே இருன்னு அர்த்தம். அவன் பென்டிரைவ்ல என்ன இருந்துச்சுன்னு கேக்காதீங்க, சினிமா.

அஞ்சு பைல மூணுக்கு வியாதி கரண்ட்தான். 2012-ல பை வந்ததுல இருந்து ஃபோன் சார்ஜர்ல மாட்டற பழக்கம் நம்மாளுங்களுக்கு. 4.63 வோல்ட்டுக்கு கீழ எறங்கினா மின்னல் படம் போட்டு காட்டும், சிவப்பு லைட்டு அணைஞ்சு அணைஞ்சு எரியும், பசங்க அதை டிசைன்னு நெனைச்சுக்கறாங்க. சார்ஜர் மேல 5 வோல்ட் 2 ஆம்ப்னு எழுதியிருந்தா மட்டும் போதாது, மெல்லிசு கேபிள்லயே அரை வோல்ட் காணாம போயிரும், அதனால மீட்டரை போர்டு மேலயே வைக்கணும், 2-ஆம் பின்னுக்கும் 6-ஆம் பின்னுக்கும் நடுவுல, அதுவும் லோடு ஓடிட்டு இருக்கும்போது. நாலாவது பை, பச்சை லைட்டு நாலு தடவை கண்ணடிக்குது, நிக்குது, திரும்ப நாலு. அது சும்மா மின்றது இல்லீங்க, நாலுன்னா ஸ்டார்ட் ஃபைல் கெடைக்கல, ஏழுன்னா கெர்னல் கெடைக்கல. பை 3 காலத்து பழைய கார்டை எடுத்து பை 4-ல சொருகியிருந்தாங்க. பை 4-க்கு வேற ஸ்டார்ட் ஃபைல், 2019-க்கு முந்தின கார்டுல அது எப்படி இருக்கும்? அஞ்சாவதுக்கு போர்டுல ஒண்ணும் இல்ல, கார்டு டூப்ளிகேட். மேல 64 ஜிபின்னு போட்டிருக்கு, எஃப்3ன்னு ஒரு புரோகிராம் வெச்சு முழுசா எழுதி படிச்சு பாத்தா 8 கூட தேறல.

இப்ப நீங்க சொன்ன 'அழிச்சு புதுசா ஓஎஸ் ஏத்துங்க'ங்கறதுக்கு வர்றேன், எனக்கு நெஜமாவே கோவம் வந்தது இதுலதான். பூட் ஆகாத கார்டுல புள்ளையோட ஆறு மாச வேலை இருக்கு. பூட் ஆகலைன்னா ஃபைல் போயிருச்சுன்னு அர்த்தம் இல்லையே. கரண்ட் பட்டுன்னு போயி ஃபைல் சிஸ்டம் கலைஞ்சிருந்தா கூட, கார்டை லினக்ஸ் மெஷின்ல மாட்டி, மவுண்ட் பண்ணாம, முதல்ல முழுசா ஒரு காப்பி எடுத்து வெச்சுட்டு, அந்த காப்பி மேல எஃப்எஸ்சிகேன்னு ஃபைல் சிஸ்டத்தை சரி பண்ற கமாண்டை ஓட்டினா பெரும்பாலும் திரும்ப வந்துரும். சூப்பர் பிளாக் (ஃபைல் சிஸ்டத்தை பத்தின தலைப்பு விவரம்) கெட்டிருந்தா அதுக்கும் ஈஎக்ஸ்டி4ங்கற லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் வேற எடத்துல காப்பி வெச்சிருக்கும், சாதாரணமா 32768-ஆவது பிளாக்ல. ஓஎஸ் புதுசா ஏத்தறதுன்னா தடயத்தையும் அழிக்கறோம், வேலையையும் அழிக்கறோம், என்னத்தால கெட்டுதுன்னு தெரியாததால அடுத்த வாரம் திரும்பவும் அதே எடத்துல வந்து நிக்கறோம். சொட்டுநீர் பசங்க கோடு இன்னைக்கு வரைக்கும் எங்க லேப்ல ஓடுதுன்னா, அன்னைக்கு யாரும் அந்த ஈஎம்எம்சியை அழிக்காம சோம்பேறித்தனமா பீரோல தூக்கி போட்டதுதான் காரணம்.

கேபிள் வாங்கறதை பத்தி ஒண்ணு சொல்லணும், எந்த ஆபீஸ்னு நான் சொல்லல, எல்லா எடத்துலயும் இப்படித்தான் இருக்கும்னு நெனைக்கறேன். புது போர்டு பத்து வேணும்னா ஃபைல் ஒரே மாசத்துல நகரும், உபகரணம்னு தலைப்பு இருக்கு. இருநூறு ரூபா கேபிள் அஞ்சு வேணும்னு எழுதினேன், மூணு கொட்டேஷன் வாங்கிட்டு வாங்கன்னாங்க. வாங்கிட்டு போனா, இது உபகரணமா உதிரியா நுகர்பொருளான்னு கேட்டு ஃபைல் திரும்பி வந்துச்சு. நான் உதிரின்னு எழுதினேன், எந்த மெஷினுக்கு உதிரின்னு கேட்டாங்க. இன்னும் பதில் எழுதிட்டு இருக்கேன். எச்ஓடி சார் நல்ல மனுஷன், அவரே சிரிச்சுட்டு, விடுங்க அடுத்த தடவை நானும் ஒண்ணு வாங்கி தர்றேன்னுட்டாரு.

எந்திரிக்காத மூணை பத்தியும் மறைக்காம சொல்லணும்ல. ரெண்டு நெஜமாவே போச்சு. அல்ட்ராசோனிக் சென்சாரோட எக்கோ ஒயர்ல 5 வோல்ட் வரும், பீகிள்போன் பின்னு 3.3-க்கு மேல தாங்காது, நடுவுல ரெண்டு ரெசிஸ்டர் போடாம நேரா கோத்துட்டாங்க. பவர் குடுத்தா லைட்டு ஒரு செகண்ட் எரிஞ்சு அணையுது, சிப்பு மேல வெரலை வெச்சா சுடுது, 'சி' கூட வரல. அதை கண்டம் பண்ணுங்கன்னு நானே கையெழுத்து போட்டேன், அது நியாயம். மூணாவது பத்து தடவைக்கு ஏழு தடவை எந்திரிக்குது, மூணு தடவை யூ-பூட்லயே நின்னுக்குது. சீரியல் கேபிளோட மறு முனை எதுலயும் மாட்டாம சும்மா தொங்கினா அது புடிக்கற இரைச்சலையே கீ அமுக்கினதா நெனைச்சு கவுண்ட்டவுன் நின்னுரும், அதா இருக்குமோன்னு கேபிளை எடுத்துட்டு பாத்தேன், இல்ல, அப்பவும் நிக்குது. அதுக்கு மட்டும் ஸ்டிக்கரை கிழிச்சுட்டு 'சந்தேகம்'னு வேற ஒட்டி டேபிள் மேலயே வெச்சிருக்கேன்.

அதனால ஐயா, அடுத்த இணைப்புல அந்த கட்டத்தை மாத்தி போட்டீங்கன்னா நல்லா இருக்கும். கேபிள் மாட்டு, எங்க நின்னுச்சுன்னு பாரு, மீட்டர் வெச்சு வோல்ட்டேஜ் பாரு, மேல மாட்டியிருக்கறதை எல்லாம் கழட்டிட்டு பவரை முழுசா உருவி சொருகு, எதையும் அழிக்கறதுக்கு முன்னாடி காப்பி எடு. இந்த அளவு போட்டாலே போதும். எழுதித் தரச் சொன்னா நானே எழுதித் தர்றேன், காசெல்லாம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு லேப் இன்ஸ்ட்ரக்டர்,
கோயம்புத்தூர்.

பின்குறிப்பு: கட்டுரையில ஒரு வரி கூட இல்லாத அந்த சீரியல் கேபிள், பக்கத்துல போட்ட பை படத்துல இருக்குங்க, நல்லா உத்து பாத்தேன். அதுல சிவப்பு ஒயரை 1-ஆம் பின்னுல சொருகியிருக்காங்க. சிவப்புல வர்றது யூஎஸ்பியோட 5 வோல்ட், 1-ஆம் பின்னு 3.3 வோல்ட் லைன். அதை பாத்து எந்த புள்ளையாவது அப்படியே மாட்டினா போர்டு நெஜமாவே செத்துப்போயிரும். சிவப்பு ஒயரை எதுலயும் மாட்ட வேண்டாம், டேப் சுத்தி மடிச்சு விட்டுருங்கன்னு நாளைக்கே ஒரு திருத்தம் போட்டுருங்க, ஞாயித்துக்கிழமை வரைக்கும் வெக்காதீங்க.